எட்டாம் மாதத்தில் நெடுந்தீவு

"எங்கடை குடும்ப வரலாற்றிலை இது ஒரு முக்கியமான நாள். ஒரு பாரதூரமான விசயத்திலை தீர்மானம் எடுக்கவெண்டு எல்லாரும் கூடியிருக்கிறம். தலைவர் கதைக்கேக்கை மற்றவை தயவுசெய்து மைக்கை நிப்பாட்டி வையுங்கோ."

தலைவர் என்று கனகசபாபதி சொன்னது கனகசபாபதியைத்தான். அதிபராக இருந்து ஓய்வு பெற்று, ரொறன்ரோவுக்குப் போய்ப் பல வருடமாகியும், காலைக் கூட்டத்தில் பேசும் அந்தக் குரல் அவரைவிட்டுப் போகவில்லை. வீடியோ அழைப்புக்கென்று கழுத்துப்பட்டி கட்டி, கோட்டும் போட்டிருந்தார்.

பாரதூரமான விசயம், அவருடைய மருமகள் ஆரணி. கொக்குவில் வீட்டின் சாப்பாட்டு மேசையில், தண்ணீர்ச் செம்பில் போனைச் சாத்திவைத்துவிட்டு எதிரே இருந்தாள். எட்டு மாதக் கர்ப்பிணி. வருகிற சனிக்கிழமை ஒரு சாகசப் பயணக் குழுவோடு நெடுந்தீவுக்குப் போய், ஆளில்லாத கரையில் கூடாரம் அடித்துத் தங்கப் போவதாக நேற்றுக் குடும்ப வட்ஸ்அப் குழுவில் எழுதியிருந்தாள். வாரக்கணக்காகக் காலை வணக்கப் பூக்களைத் தவிர வேறொன்றும் வராத குழு அது. ஐந்தே நிமிடத்தில் எல்லாரும் விழித்துக்கொண்டார்கள்.

"உனக்கென்ன விசரே பிள்ளை?" என்றாள் லண்டனிலிருந்து மச்சாள் உதயகலா. "வயித்துப் பிள்ளையோடை ஆராவது வள்ளம் ஏறுவினமே?"

"ஏன் மச்சாள், நெடுந்தீவுப் பிள்ளைத்தாச்சியளும் வள்ளத்திலைதானே வருகினம்?"

"அவை ஆஸ்பத்திரிக்கு வருகினம். நீ ஆஸ்பத்திரியை விட்டிட்டு அங்கை போறாய்!"

"டொக்டர் என்ன சொன்னவர்?" என்று கேட்டான் கட்டாரிலிருந்து கணவன் நிருஷன்.

"நல்லா நடக்கச் சொன்னவர்."

"நெடுந்தீவிலையோ? நேற்று வரைக்கும் நீ எனக்கு இதைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லையே!"

"நேற்று வரைக்கும் நீங்கள் போன் எடுக்கேல்லையே."

"டியூட்டி எண்டு தெரியும்தானே, ஆரணி."

"அமைதி! அமைதி!" என்றார் தலைவர். "போன மாதம் மோட்டச் சைக்கிள் பழகப் போறன் எண்டாய். இந்த மாதம் நெடுந்தீவு. ஒரு குடும்பப் பெண்ணுக்குப் பொறுப்பு எண்டு ஒண்டு இருக்குது, பிள்ளை." பொறுப்பைப் பற்றி அவர் நெடுநேரம் பேசினார். இடையில் இணைப்பு இழுபட்டு, வாய் திறந்தபடியே உறைந்து நின்றார். அந்த நேரத்தில்தான் மற்றவர்களுக்குக் கதைக்க இடம் கிடைத்தது.

மாமியார் இரத்தினம்மா, அதே ரொறன்ரோ வீட்டின் குசினியிலிருந்து ஒரு தனிச் சதுரத்தில் தெரிந்தார். அவருடைய உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. சத்தம் வரவில்லை. மைக்கை நிப்பாட்டச் சொன்ன கட்டளைக்குக் கீழ்ப்படிந்த ஒரே உறுப்பினர் அவர்தான்.

மறுபடி அசையத் தொடங்கிய தலைவர் மணிக்கூட்டைப் பார்த்தார். "ஆகவே, போகக் கூடாது. இத்தோடை கூட்டம்..."

"மாமா, அங்கை போன் சிக்னலும் இல்லையாம்," என்றாள் ஆரணி.

கூட்டம் நீடிக்கப்பட்டது.

சிக்னல் பற்றி எல்லாரும் ஏசி முடித்தபின் உதயகலா எழும்பினாள். "நான் நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கப் போகவேணும். போனை வைக்கப் போறன்."

"ராவிலை காட்டுக் குதிரையள் கூடாரத்துக்குக் கிட்ட வருமாம், மச்சாள்."

உதயகலா மறுபடி உட்கார்ந்தாள். நாய் பின்னால் குரைத்தது.

"தனிய இருக்கிறபடியாத்தான் இவளுக்கு இந்த விசரெல்லாம்," என்றான் நிருஷன். "பிள்ளை பிறக்குமட்டும் ஆராவது போய்க் கூட நிக்கவேணும். எனக்கு லீவு தரமாட்டினம். அக்கா, நீ?"

"எனக்கு விருப்பந்தான். இந்த நாயை ஆரட்டை விடுறது?"

திடீரென்று குசினிச் சதுரத்துக்கு உயிர் வந்தது. "நான் போறன்!" என்றார் இரத்தினம்மா.

"நீ போனால் இஞ்சை எனக்குச் சமைக்கிறது ஆர்?" என்றார் தலைவர். "அந்த விசயத்தை அடுத்த கூட்டத்திலை எடுப்பம். பிள்ளை, இப்பவே, எங்களுக்கு முன்னாலை, அந்தப் பயணக்காரருக்குப் போன் எடுத்து உன்ரை பேரை வெட்டு."

ஆரணி எழுந்தாள். அலுமாரி லாச்சியை இழுத்துத் திறந்து, நிருஷனின் பழைய போனை எடுத்து, இலக்கங்களை அமுக்கிக் காதில் வைத்தாள்.

"தம்பி, நான் கொக்குவில் ஆரணி. சனிக்கிழமைப் பயணத்திலை என்ரை பேரை வெட்டி விடுங்கோ... இல்லைத் தம்பி, வீட்டாக்கள் விடுகினமில்லை... ஓம். எல்லாருக்கும் என்னிலை சரியான பட்சம்."

தலைவர் கைதட்டினார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியதாக அறிவித்தார். ஒரு உயிரை, இல்லை, இரண்டு உயிரைக் காப்பாற்றிவிட்டதாகவும் அறிவித்தார்.

"கொஞ்சம் இருங்கோவன்," என்றாள் ஆரணி. "மாமி ஏதோ சொல்லுறா."

அதற்குள் சதுரங்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. கடைசியாக இருந்தது இரத்தினம்மாவின் முகம். உதடுகள் இன்னும் அசைந்தன. மைக் மறுபடி நின்றிருந்தது. பிறகு அதுவும் போனது.

வெளியே கொழும்பு ரயில் போகும் சத்தம் கேட்டு ஓய்ந்தது. பூட்டிக் கிடந்த அறைகளைத் தாண்டிப் போய் ஆரணி முன்வாசல் விளக்கைப் போட்டுவிட்டு வந்தாள். மேசையில் கிடந்த பழைய போனைத் துடைத்துத் திரும்ப லாச்சிக்குள் வைத்தாள்.

அந்தப் போனில் சிம் கார்ட் இல்லை. நெடுந்தீவுப் பயணம் என்று ஒன்றும் இல்லை.