ஞாயிற்றுக்கிழமைப் புத்திமதி

"உபதேசியாரே, எப்படியாவது என் புருஷனோட குடியை நிறுத்துங்க."

"கவலையை விடு சிசிலியா. ஞாயிறு பூசை முடிஞ்சதும் வந்து புத்தி சொல்றேன். ஒரு வாரம்கூடத் தவற மாட்டேன்."

இந்தப் பேச்சு நடந்து இரண்டு வருடமாகிறது. இருதயநாதன் உபதேசியார் சொன்ன சொல் தவறவில்லை. மழையோ புயலோ, ஞாயிறு பத்து மணிக்கெல்லாம் ஜங்லிகாட்டில் இருக்கும் சிசிலியா வீட்டில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். நரகத்தில் தொடங்கி, சிசிலியாவின் புருஷன் அடைக்கலசாமியின் செத்துப்போன அப்பாவரைக்கும் இழுத்துவைத்துத் திட்டுவார். நடுவே பொரித்த மீனையும் ஒரு கை பார்ப்பார்.

'பெரிய ஞானி என்று நினைப்பு!' சிசிலியா மனசுக்குள் பல்லைக் கடிப்பாள். அவரிடம் ஒன்று கேட்க வேண்டும். ஆனால் கோயில் மனுஷரிடம் எப்படிக் கேட்பது? இன்னொரு துண்டு மீனை வைத்துவிட்டு வாயை மூடிக்கொள்வாள்.

அன்றும் படகுத் தச்சன் அடைக்கலசாமி சுவரைப் பிடித்தபடி தலையாட்டினான். சாராய நெடி குப்பென்று வீசியது.

"ரெண்டு வருஷமா தொண்டை வத்தக் கத்துறேன். எப்ப வந்தாலும் இதே கோலம்! ஏக்தம் பேகார் ஆளு, எதுக்கும் உதவாதவன்!" உபதேசியார் எழுந்தார். "வாரத்துல ஒரு நாள் இவனுக்குப் பத்தாது. நாளையிலேருந்து தினமும் வர்றேன்."

சிசிலியா மீன் தட்டை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"ஐயோ, வேண்டாம்! மத்த ஆறு நாளும் அவரு குடியை விட்டு ஒரு வருஷமாச்சு. ஞாயித்துக்கிழமை மட்டும்தான், உங்க பேச்சைத் தாங்கத் தெம்பு வேணும்னு காலையிலேயே ஊத்திக்கிறாரு. உங்களைக் கும்பிட்டுக் கேக்குறேன், இனிமே எங்க வீட்டுப் பக்கமே வராதீங்க!"