பச்சிலை வைத்தியம்

"மானம் போகுதும்மா. முதல்ல அந்தப் பலகையைக் கழட்டு."

வேலியில் தொங்கிய பலகையில் 'பச்சிலை வைத்தியம்' என்று மலாயில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. பல்கலைக்கழக விடுமுறைக்குப் புக்கிட் செலம்பாவில் அம்மா வீட்டுக்கு வந்திருந்த உமாராணிக்கு அதைப் பார்த்ததிலிருந்து பற்றிக்கொண்டு வந்தது.

"காலமெல்லாம் கிளினிக்ல மிஸ்ஸியா ஊசி போட்டு, கட்டுக் கட்டி, பென்ஷன் வாங்குற. புண்ணுல இலையை வச்சுக் கட்டாதீங்கன்னு ஊரையே ஏசுவ. இப்ப நீயே அரைக்கிற. இதுக்கு என்னம்மா பேரு?"

"குப்பைமேனி," என்றாள் பிரேமாவதி, அரைப்பதை நிறுத்தாமல்.

"பேச்சை மாத்தாதம்மா."

அதற்குள் வாசலில் ஓர் ஆள் வந்து நின்றான். பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டும் வங்காளதேசத்துக்காரன். கையில் சுற்றிய துணியில் ரத்தம் கறுத்திருந்தது. பிரேமாவதி ஸ்டூலைக் காட்ட, உட்கார்ந்து கையை நீட்டினான்.

உமாராணிக்குப் பொறுக்கவில்லை. மலாயில் அவனிடமே சொன்னாள்:

"அண்ணே, இலையெல்லாம் வேணாம். எங்கம்மா கவர்மெண்ட் மிஸ்ஸி. வாங்க, கிளினிக்குக் கார்ல கூட்டிட்டுப் போறேன்."

நீட்டிய கை மடங்கியது. அவன் எழுந்துவிட்டான். பார்வை சாலைக்கு ஓடியது.

"அவ சும்மா சொல்றா லா," பிரேமாவதி மலாயில் சொல்லிச் சிரித்தாள். "நான் வெறும் பச்சிலைக்காரி. எழுதப் படிக்கக்கூடத் தெரியாது. உக்காரு."

அவன் கிண்ணத்திலிருந்த பச்சை விழுதைப் பார்த்தான். பிறகு மெல்ல உட்கார்ந்தான்.

"இதுல பொய் வேறயா?" உமாராணி பல்லைக் கடித்துக்கொண்டு தமிழில் கேட்டாள்.

அம்மா மர பெஞ்சுக்கு அடியிலிருந்து ஒரு மருந்து டப்பாவை இழுத்தாள். புண்ணைச் சுத்தமாகக் கழுவினாள். களிம்பு தடவினாள். புதுப் பஞ்சு வைத்து வெள்ளைத் துணியால் இறுக்காமல் சுற்றினாள். கடைசியில் அரைத்த விழுதை வாழையிலையில் பொதிந்து, புண்ணில் படாமல், கட்டுக்கு மேலே நன்றாகத் தெரியும்படி கட்டிவிட்டாள்.

"நாளைக்கும் வா. புது இலை வைக்கணும்."

அவன் நெஞ்சில் கை வைத்துத் தலையசைத்துவிட்டுப் போனான்.

"எல்லாம் ஒழுங்காத்தானே செஞ்ச? அப்புறம் எதுக்கும்மா இந்த இலையும் பலகையும்?"

பிரேமாவதி கையைத் துடைத்துக்கொண்டாள்.

"பெர்மிட் இல்லாத பிள்ளைங்க. கிளினிக்குப் போனா பிடிச்சுக் கொடுத்துடுவாங்கன்னு பயம். போன வருஷம் ஒருத்தன் விரலையே அழுக விட்டுட்டான். மிஸ்ஸியைப் பார்த்தா கையை மறைக்கிறாங்க. பச்சிலைக்காரிகிட்டதான் நீட்டுறாங்க லா."