ரத்தான தேதி

“உன் ஆபரேஷன் தேதியை ரத்து பண்ணச் சொல்லிட்டேன்” என்றாள் பொலிக்செனி, கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே.

எவாந்தியாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. தோளில் இருக்கிற தழும்பை வெட்டி எடுக்க, தெசலோனிக்கி நகரத்தில் பேர்போன சர்ஜன். மூன்று மாதம் காத்துக் கிடந்து வாங்கிய தேதி. ஒரே போனில் அதை ஒழித்துக்கட்டிவிட்டாள் மாமியார்.

“என் உடம்பு அத்தை. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா?”

“கல்யாணம் ஆனவ. தோளை யாருக்குக் காட்டப் போறே?”

நறுக்கியதை அள்ளிக்கொண்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். புருஷன் லெஃப்டெரிஸ் மட்டும் லேசுப்பட்டவனா? அம்மாவுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் மத்தளமாக அடி வாங்குவானேன் என்று, நாயைக் கூட்டிக்கொண்டு கடற்கரைப் பக்கம் நழுவிவிட்டான்.

அந்தத் தழும்பு வந்த கதையே வயிற்றெரிச்சல். போன வருஷம், புகுந்த வீட்டில் அவளுக்கு முதல் ஈஸ்டர். சர்ச்சில் ஏற்றிய மெழுகுவத்தியை அணையாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து, அதன் புகையால் நிலைப்படியின் மேலே சிலுவை போட வேண்டும். புது மருமகள் கையில் சுடர் அணைந்தால் கவாலா ஊர் முழுக்க நாலு நாளைக்கு அதுதான் பேச்சு. கூட்டத்தில் பின்னால் நின்ற யாரோ ஒருவரின் மெழுகுவத்தி அவள் சால்வையில் பற்றிக்கொண்டது. இரண்டு கையாலும் சுடரைப் பொத்திக்கொண்டிருந்தவளுக்கு, கையை எடுத்துத் தோளைத் தட்டிக்கொள்ள மனசு வரவில்லை. பக்கத்தில் நின்றவர்கள் அணைப்பதற்குள் தோள் வெந்துவிட்டது.

புண் ஆறியது. தழும்பு ஆறவில்லை. மாதத்துக்கு மாதம் தடித்து, சிவந்து, வெந்த இடத்தையும் தாண்டி நண்டுக் கால் மாதிரி நாலு பக்கமும் ஓடியது. அரிப்போ பிராணனை வாங்கியது. பற்பசை, ஆலிவ் எண்ணெய், தேன்மெழுகுக் களிம்பு என்று ஊரார் சொன்னதையெல்லாம் பூசியாகிவிட்டது. செப்டம்பரில் தங்கை கல்யாணம். மணமக்களின் தலையில் மலர்முடியை மாற்றி வைக்கிற தோழி எவாந்தியாதான். அத்தனை பேரும் பார்க்கிற இடத்தில் தோள் தெரிய நிற்க வேண்டும்.

அதனால் யாருக்கும் சொல்லாமல் உள்ளூர்த் தோல் டாக்டரிடம் நேரம் வாங்கினாள். எப்படித்தான் மோப்பம் பிடித்தாளோ, காலையில் பஸ் நிறுத்தத்தில் கைப்பையோடு நின்றிருந்தாள் பொலிக்செனி. “நானும் வரேன்” என்றாள். இதையும் கெடுக்க வருகிறாள் என்று எவாந்தியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பஸ்ஸில் வேறு இருக்கையில் போய் உட்கார்ந்தாள்.

டாக்டர் கலிரோயி தழும்பை அழுத்திப் பார்த்தாள், ஓரங்களைத் தடவிப் பார்த்தாள். தழும்பிலும் பல ஜாதி உண்டு என்றாள். பரு விட்டுப்போன குழிக்கு லேசர். காயத்தின் எல்லைக்குள்ளேயே தடிக்கிற தழும்பு காலப்போக்கில் தானே அமுங்கலாம். எல்லை தாண்டி ஓடுகிறதே, அதற்குத்தான் கீலாய்டு என்று பேர்.

“யாராவது இதை வெறுமனே வெட்டி எடுக்கறேன்னு சொன்னாங்களா?”

“சொன்னாங்க டாக்டர். தேதியும் குடுத்தாங்க. வீட்டுல தடுத்துட்டாங்க.”

“நல்லவேளை, போகலை. வெட்டினா பெரும்பாலும் இதைவிடப் பெருசா வரும். யார் தடுத்தாங்களோ, அவங்களுக்குக் கோயில் கட்டும்மா.”

எவாந்தியா திரும்பிப் பார்த்தாள். கோயில் கட்ட வேண்டிய ஆள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

மாதம் ஒரு ஊசி தழும்புக்குள்ளேயே போட வேண்டும், மேலே சிலிகான் தாள் ஒட்டிக்கொள்ள வேண்டும், சுவடு தெரியாமல் போகாது, ஆனால் செப்டம்பருக்குள் அரிப்பு அடங்கி முக்கால்வாசி அமுங்கிவிட வாய்ப்பு உண்டு என்றாள் டாக்டர். எவாந்தியாவுக்கு ஒரு வருஷத்துப் பாரம் நெஞ்சைவிட்டு இறங்கியது. அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது.

ஊசியைப் பார்த்ததும் இரண்டும் நின்றுபோயின. சின்ன வயசிலிருந்தே ஊசி என்றால் அவளுக்குக் கை கால் ஓடாது. மயக்கம் கொடுத்துச் செய்வார்கள் என்றுதான் ஆபரேஷனுக்கே ஒத்துக்கொண்டாள்.

“வலிக்குமா டாக்டர்?”

“பொய் சொல்ல மாட்டேன். வலிக்கும்.”

பொலிக்செனி எழுந்தாள். கதவைத் தாழிட்டாள். சட்டையின் மேல் பித்தான்களைக் கழற்றி, இடது தோளை வெளியே எடுத்தாள். முஷ்டி அளவுக்குப் பளபளவென்று தடித்துக் கிடந்தது தழும்பு.

“அம்மை குத்தின தழும்பு இது. கடுகத்தனைதான் இருந்தது. கல்யாணத்துக்கு அழகா இருக்கணும்னு பத்தொன்பது வயசுல வெட்டிக்கிட்டேன். பெருசா வந்தது. மறுபடியும் வெட்டினாங்க. இப்படி வந்தது.”

எவாந்தியா எழுந்து கிட்டே வந்தாள். “இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே அத்தை?”

“சொன்னா காட்டச் சொல்லுவியே. நாப்பத்தஞ்சு வருஷமா நான் பெத்த பிள்ளைகூட இதைப் பார்த்ததில்லை.”

சொல்லிவிட்டு டாக்டர் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“முதல்ல எனக்குக் குத்துங்க டாக்டர். எவ்வளவு வலிக்குதுன்னு நான் பார்த்துச் சொல்றேன். அப்புறம் என் பொண்ணுக்குப் போடலாம்.”