ஆட்காட்டிக்குக் கிடைத்த கைதட்டல்

மேய்ச்சல் நிலத்தில், கூடு என்று ஒன்றும் கட்டாமல், கூழாங்கற்களுக்கு நடுவே நாலு முட்டை இட்டு அடைகாத்துக்கொண்டிருந்தது ஓர் ஆட்காட்டிக் குருவி. ஞாயிற்றுக்கிழமை காலையில் கார்கள் சரசரவென்று வந்து அந்த நிலத்தில் ஏறி நின்றன. ஒவ்வொரு கார் தலையிலும் இரண்டு மூன்று சைக்கிள்.

பக்கத்தில் இறக்கி வைத்த சின்னச் சைக்கிளிடம் குருவி கேட்டது. "எதுக்குப்பா வந்திருக்கீங்க?"

"இந்த நிலத்தைக் காப்பாத்த. குடும்பம் குடும்பமா அஞ்சு கிலோமீட்டர் ஓட்டுவாங்க. சேர்ற நன்கொடை எல்லாம் நிலத்துக்குத்தான்."

"வீட்டுலேர்ந்து ஓட்டிக்கிட்டா வந்தாங்க?"

"எங்க? எழுபது கிலோமீட்டரும் கார் மேல படுத்துத்தான் வந்தேன்."

குருவிக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. "நல்லா காப்பாத்துனீங்க. முதல்ல அந்தக் காரைப் பின்னால எடுக்கச் சொல்லு. சக்கரத்துக்கும் என் முட்டைக்கும் ஒரு சாண்தான் இருக்கு."

"நான் மணி அடிச்சா குழந்தை விளையாடுதுன்னு நினைப்பாங்க. நீயே சொல்லிப் பாரு."

குருவி பறந்து, கூட்டத்தின் தலைக்கு மேல் சுற்றிச் சுற்றித் தொண்டை கிழியக் கத்தியது.

மைக் பிடித்தவர் அண்ணாந்து பார்த்துப் பூரித்துப்போனார். "பாருங்க குழந்தைங்களா, நம்மள வரவேற்குது. எல்லாரும் கை தட்டுங்க."

தட்டினார்கள். குருவி வாயை மூடிக்கொண்டு இறங்கி, சக்கரத்தின் பக்கத்தில் முட்டைகள்மேல் உட்கார்ந்தது.

"பாவம், நாம கிளம்பிடுவோமேன்னு வருத்தப்படுது," என்றார் மைக் பிடித்தவர். "கவலைப்படாதே, அடுத்த வருஷம் இன்னும் நூறு காரோட வர்றோம்."