கிளாட்வின் (1951–2022)

“இதுல வருஷம் தப்பா இருக்கும்மா” என்றார் பெரியவர்.

முதல் ஓவியத்தின் பக்கத்தில் ஒட்டியிருந்த அட்டையைத்தான் காட்டினார். ‘ஓவியர் கிளாட்வின், மம்சாபுரம், 1951–2022.’

எலினா பதறிவிட்டாள். பல்கலைக்கழகத்தின் கலை அருங்காட்சியகத்துக்கு அவள்தான் தலைமைக் காப்பாட்சியர். இன்னும் ஒரு மணி நேரத்தில் துணைவேந்தர் வந்து கண்காட்சியைத் திறந்துவைக்கப் போகிறார். இந்த நேரம் பார்த்தா தப்பு கண்ணில் பட வேண்டும்?

“பிறந்த வருஷமா ஐயா?”

“அது சரிதான். செத்த வருஷந்தான் தப்பு.”

“எந்த வருஷம் போடணும்?”

“ஒண்ணும் போட வேண்டாம். ஆளு இன்னும் சாகல” என்றவர், சட்டைப் பையிலிருந்து ஆதார் அட்டையை எடுத்து நீட்டினார். கிளாட்வின், மம்சாபுரம், 1951. அட்டையில் இருந்த அதே முகம் எதிரிலும் நின்றது.

எலினா ஆதாரையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். போன வருஷம் அவள் வைத்த இரண்டு கண்காட்சிக்கும் ஈ, காக்கா வரவில்லை. “இந்தத் தடவையும் ஆள் வரலன்னா ஹாலைப் பரீட்சைக்குக் குடுத்திருவோம்” என்று பதிவாளர் சொல்லியே விட்டார். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் சுற்றுவட்டாரமெல்லாம் நாயாய் அலைந்து, கடைசியில் ஒரு வீட்டு மச்சில் முப்பத்திரண்டு ஓவியங்களைக் கண்டுபிடித்தாள். மில் வாசல், பேண்டேஜ் துணி காயும் தெரு, பிளவக்கல் அணையோரம் மீன் வாங்க நிற்கும் பெண்கள். ஊர் இதுவரை பார்த்திராத பொக்கிஷம். மறைந்த ஓவியர் என்று பத்திரிகைகளும் எழுதிவிட்டன. உயிரோடு இருப்பவரைச் சாகடித்துவிட்டார்கள் என்று நாளைக்கு அவையே எழுதினால், ஹாலும் போச்சு, மானமும் போச்சு.

“நான் செத்தேன்னு யாரு எழுதிக் குடுத்தது?”

“உங்க வீட்டம்மாதான் ஐயா. கையெழுத்துப் போட்ட பாரம் இருக்கு.”

“அமிர்தவல்லியா?” பெரியவர் ஆதாரைத் திரும்பச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். “நேத்துப் பேப்பர்ல பாத்தேன். விடியுறதுக்குள்ள கோயம்புத்தூர்ல பஸ் ஏறிட்டேன். மொதல்ல அந்த வருஷத்த எடுங்க. பொறவு படத்தையெல்லாம் எறக்குங்க.”

“படத்தையுமா?”

“படத்தையுந்தான்.”

எலினாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அதற்குள் கண்காட்சி பார்க்கத் தளவாய்புரத்திலிருந்து வேனில் வந்த பெண்கள் உள்ளே நுழைந்துவிட்டார்கள். பாண்டிசெல்வி என்ற பெண் மில் வாசல் படத்தின் முன்னால் அப்படியே நின்றுவிட்டாள்.

“ஏட்டி, இங்க வந்து பாரு. இது எங்கம்மா. இந்தத் தூக்குவாளிகூட அவளதுதான்.”

சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. “எங்கம்மாவுக்கு ஒரு போட்டோகூட கெடையாது. போயி இருவது வருஷமாச்சு. இனிமே அந்த மொகத்த எங்க பாக்கப்போறேன்னு இருந்தேன்.” கண்ணைத் துடைத்துக்கொண்டு அட்டையைப் படித்தாள். பக்கத்தில் நின்ற பெரியவரிடமே கேட்டாள். “இத வரைஞ்ச மகராசனும் போயிட்டாராய்யா?”

“ஆமா தாயி” என்றார் கிளாட்வின்.

“எங்க இருந்தாலும் அவிய நல்லா இருக்கணும்” என்று அந்தப் பெண் படத்தைப் பார்த்துக் கும்பிட்டாள்.

கிளாட்வின் எலினாவைத் தனியாகக் கூப்பிட்டார். குரல் இறங்கியிருந்தது. “படம் இருக்கட்டும். இன்னைக்கு ஒரு நாளு வருஷமும் இருந்துட்டுப் போகட்டும். நாளைக்குத் திருத்திக்கிடுங்க. நான் வந்தத அமிர்தவல்லிகிட்ட மட்டும் சொல்லிராதிய.”

எலினாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவர் கையைப் பிடித்து நன்றி சொல்லி, கடைசி வரிசையில் தூண் மறைவில் உட்காரவைத்தாள். எதற்காக வீட்டை விட்டுப் போனாரோ, அந்த அம்மா பாவம், புருஷன் செத்துவிட்டார் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறாள். மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

விழா தொடங்கியது. அமிர்தவல்லி மைக்கைப் பிடித்தாள்.

“எங்க வீட்டுக்காரவிய மில்லுல ஃபிட்டரா இருந்தாவ. லீவு நாளுன்னா படம் வரைவாவ. ஒரு தடவ மதுரைக்குக் கொண்டுபோயிக் காட்டுனாவ. பாத்தவிய சிரிச்சுட்டாவ. அன்னைக்கு மச்சுல ஏத்திப் பூட்டுனதுதான். நல்லாருக்குன்னு ஒரு சொல்லு அவிய காதுல விழுந்ததே இல்ல. இன்னைக்கு அம்புட்டையும் கேட்டிருப்பாவ. அதுக்கு இந்த எலினாப் பிள்ளைக்கு நான் உசுரு உள்ள வரைக்கும் நன்றி சொல்லுவேன்.”

கைதட்டல் அடங்கவே இல்லை. இந்த ஹாலை இனி எவரும் பரீட்சைக்குக் கேட்கக் கூடாது என்று துணைவேந்தர் மேடையிலேயே சொல்லிவிட்டார். தூணுக்குப் பின்னால் கிளாட்வின் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தார்.

கூட்டம் கலைந்ததும் எலினா ஓடிப்போய் அமிர்தவல்லியின் கையைப் பிடித்துக்கொண்டாள். “நாந்தாம்மா உங்களுக்கு நன்றி சொல்லணும். நீங்க படத்தக் குடுக்கலன்னா நான் என்ன ஆகியிருப்பேன்?”

“இருக்கட்டும்மா. தூணுக்குப் பின்னால இருக்காவள்ல, அவியளுக்கு மட்டும் சாப்பாட்டுல இனிப்பு வச்சிராத. சுகர் முந்நூறுல நிக்கி.”

எலினா தூண் பக்கம் திரும்பிப் பார்த்தாள். “அம்மா, அவர் உயிரோட இருக்கிறது உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாம? முட்டு ஆபரேஷனுக்கு மகன் வீட்டுக்குப் போயி ஆறு மாசமாச்சு. முந்தாநேத்துகூட போன்ல சண்டை.”

“பொறவு ஏம்மா செத்துட்டார்னு எழுதிக் குடுத்தீங்க?”

“அவிய சாகுற வரைக்கும் ஒரு படம் இந்த வீட்ட விட்டு வெளிய போகக் கூடாதுன்னு, வேதப் புத்தகத்து மேல என் கைய வச்சு சத்தியம் வாங்கியிருந்தாவ” என்றாள் அமிர்தவல்லி. “சத்தியத்த மீறலாமா? அதான் அவியளச் சாகடிச்சுட்டேன்.”