நல்ல புரோகிராமுக்கு எதுக்குக் குறிப்பு?

"நல்லா எழுதின புரோகிராமுக்கு விளக்கக் குறிப்பு எதுக்கு மேடம்? கத்துக்குட்டிங்கதான் வரிக்கு வரி குறிப்பு போடுவாங்க!"

வேலை கேட்டு வந்தவர் கால்மேல் கால் போட்டு அளந்தார். மேனேஜர் முகம் சுளித்தார். டீம் லீடரோ, "நாளைக்கே சேர்ந்துடுங்க சார்" என்று தேன் ஒழுகச் சொன்னாள்.

வேலையில் சேர்ந்த மூன்றாம் நாள், சிவந்த கண்ணும் பரட்டைத் தலையுமாக அவள் முன் வந்து நின்றார்.

"எந்த மடையன் மேடம் நீங்க சரிபண்ணக் கொடுத்த அந்தப் பழைய புரோகிராமை எழுதினது? ஒரு குறிப்புகூட இல்லை. தலைகால் புரியலை!"

"ஆறு வருஷமா அதைக் கட்டிக்கிட்டு அழுதவ நான் சார். நீங்க முன்னாடி விட்டுட்டுப் போன கம்பெனியை நாங்க வாங்கினப்போ கூடவே வந்த சனியன் அது."

எழுதியவர் விவரம் இருந்த பக்கத்தைத் திறந்து, திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

"இந்தப் பேரைப் பார்த்துதான் உங்களை வேலைக்கே கூப்பிட்டேன்."