டிவிக்குப் பூக்கேட்டார்கள்

இரண்டு இலைத் துண்டுகளிலும் சிவப்பு அரளியையே வைத்து மடித்தார் கண்ணுசாமி. வாழைநாரால் இறுக்கிக் கட்டினார். ஊர்ப் பெரியதனம் அவர் கைக்கு வந்த நாளிலிருந்து அம்மனிடம் செய்கிற முதல் கள்ளத்தனம் இது.

மனுஷனும்தான் என்ன செய்வார், பாவம்! நெய்க்காரப்பட்டிக்குப் பக்கத்தில் அவர்கள் கிராமம். வீட்டுக்கு வீடு டிவி வராத தொண்ணூறுகள். திருவிழாவுக்குப் பிரிக்கிற நோம்பி வரியில் மிஞ்சுகிற கோயில் பணத்தில்தான் ஊர்ப் பொது டிவி ஓடிக்கொண்டிருந்தது. போன மாதம் அது பழுதாகிவிட்டது. ரிப்பேருக்குப் பணம் கேட்டார்கள்.

அங்கேதான் கண்ணுசாமி குறுக்கே விழுந்தார். அரசாங்கச் சேனலில் பள்ளிக்கூடப் பாடம் என்று சொல்லி, குரங்கு வழியில் மனுஷன் வந்த கதையைக் காட்டியதை அவர் கண்ணாலேயே பார்த்திருந்தார். அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"ஆத்தா படைச்ச மனுசனக் குரங்குல இருந்து வந்தான்னு சொல்ற பொட்டிக்கு ஆத்தா பணத்தையே கொடுக்கறதா? அடுக்குமா?" என்று ஊர்க்கூட்டத்தில் கத்தினார்.

பூசாரி ராமரின் மகள் கௌசல்யா எழுந்து நின்றாள். பிளஸ் டூ படிக்கிற பெண். "பள்ளிக்கூடத்துல பயாலஜிக்கு வாத்தியாரே இல்லீங்க. அந்த டிவிப் பாடத்தப் பாத்துத்தானுங்க நாங்க பரீட்சை எழுதோணும்."

"புள்ளைய அடக்கி வை, ராமா!"

பூசாரி மகளின் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

ஊர் ரெண்டுபட்டுப் போயிற்று. கடைசியில், வழக்கப்படி அம்மனிடமே பூக்கேட்டுவிடுவது என்று முடிவானது. பெரியதனக்காரர் வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாகப் பொட்டலம் கட்ட வேண்டும். வெள்ளை வந்தால் டிவிக்குப் பணம். சிவப்பு வந்தால் கிடையாது.

கண்ணுசாமி கட்டிய பொட்டலங்களை வாங்கிக்கொண்டு பூசாரி கருவறைக்குள் போனார். திரை விழுந்தது, மணி அடித்தது. திரை விலகியபோது இரண்டு பொட்டலங்களும் அம்மன் காலடியில் இருந்தன. ஒரு சின்னப் பெண்குழந்தை அதில் ஒன்றை எடுத்து வந்து கண்ணுசாமியிடம் நீட்டியது.

தெம்பாக நாரை அவிழ்த்தார். உள்ளே வெள்ளை அரளி!

பிள்ளைகள் துள்ளிக் குதித்தார்கள். பெண்கள் குலவை போட்டார்கள். கண்ணுசாமிக்குக் காதை அடைத்தது. அந்த இன்னொன்றையும் பிரித்துப் பார்த்துவிடலாம் என்று கையை நீட்டினார். அதற்குள் பூசாரி அதை எடுத்துக் கோயில் கிணற்றில் வீசிவிட்டார்.

"ஆத்தா காலடிப் பூவுங்க. மிதிபடக் கூடாது."

கூட்டம் கலைந்து போனது. கண்ணுசாமி மட்டும் சன்னதியிலேயே நின்றார். சிவப்பு எப்படி வெள்ளையாகும்? தன் கள்ளத்தை ஆத்தா பார்த்துவிட்டாள். பார்த்ததோடு விடாமல் பூவையும் மாற்றிவிட்டாள். அப்படியானால் அந்தக் குரங்குப் பாடம் அவளுக்குச் சம்மதமா?

நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். எழுந்தபோது கண்ணில் நீர் கொட்டியது.

"ராமா, பெரிய பாவம் பண்ணிட்டன்டா! ரெண்டு பொட்டலத்துலயும் செவப்பத்தான் வெச்சேன். ஆத்தா வெள்ளையாக்கிட்டா. அவளே சொன்னதுக்கப்பறம் தடுக்க நான் யாரு? நாளைக்கே டிவியப் பழனிக்கு ரிப்பேருக்கு அனுப்பு. நான் உசுரோட இருக்கற வரைக்கும் அந்தச் செலவு என்னோடது."

பூசாரியின் முகம் வெளிறிப்போனது. கற்பூரத் தட்டைக் கீழே வைத்தார். படியிலேயே உட்கார்ந்து, அம்மனை நிமிர்ந்து பார்க்கப் பயந்து தலையைக் குனிந்துகொண்டார்.

"ஆத்தா இல்லீங்க... ரெண்டு பொட்டலத்தயும் மாத்துனது நானுங்க."